ஏப்ரல் மாதத்துக் கூடாரப் பண்டிகை

போன வருஷம் ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மேரிலாந்தில் ஒரு பாட்டி வீட்டுக் குளியலறையில் நின்றுகொண்டு, சுவரில் மாட்டியிருந்த கைப்பிடிக் கம்பியை லேசாக இழுத்துப் பார்த்தேன். கம்பி கையோடு வந்துவிட்டது. கூடவே இரண்டு ஸ்க்ரூ, ஒரு பிடி வெள்ளைத் தூள்.

என் கைவேலை இல்லைங்க அது. சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு தன்னார்வக் குழு வந்து மாட்டிவிட்டுப் போனதாம். நல்ல மனசோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் ஸ்க்ரூவை வெறும் ஜிப்சம் போர்டில் இறக்கிவிட்டார்கள். பாட்டிக்கு 81 வயது. ஈரக் காலோடு அதைப் பிடித்துத் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவருக்கு அந்தக் கம்பி மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லையாம். டவல் காயப்போட வைத்திருந்தார். அவர் அப்படிச் சந்தேகப்பட்டதால் பிழைத்தார்.

நான் அங்கே போனது ஆபீஸ் நண்பர் ஒருவர் கூப்பிட்டதால். அவர் யூதர். அவருடைய ஜெப ஆலயத்துக்காரர்கள் வருஷா வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி வயதானவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் வீடுகளைப் பழுது பார்க்கப் போவார்கள். "உனக்கு ட்ரில் பிடிக்கத் தெரியும்ல, வாயேன்" என்றார். போனேன். வந்த பிறகு மூன்று கேள்விகள் மண்டையைக் குடைந்தன. ஏன் ஞாயிற்றுக்கிழமை? சொந்த வீடு வைத்திருப்பவருக்கு ஏன் அடுத்தவர் வந்து வீட்டைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது? அந்தக் கம்பி மாதிரியான வேலை செய்வதற்குச் சும்மா இருந்தால் என்ன? அதைப் பற்றிப் படித்ததும் கேட்டதும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கிழமை விவகாரம். அமெரிக்காவில் இந்த மாதிரி வீடு பழுதுபார்ப்பு இயக்கத்தின் தொடக்கம் டெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்ட் என்ற எண்ணெய்க் கிணற்று ஊர். 1973-இல் அங்கே அக்கம்பக்கத்தவர்கள் சேர்ந்து, வசதியில்லாத முதியவர்களின் வீடுகளை ஒரே நாளில் சரிசெய்து கொடுக்க ஆரம்பித்தார்கள். பெயர் 'கிறிஸ்மஸ் இன் ஏப்ரல்'. 1988-இல் அது தேசிய அமைப்பானது. ஏப்ரல் கடைசி சனிக்கிழமையில் நாடெங்கும் வேலை நடக்கும். இப்போது அதற்கு 'ரீபில்டிங் டுகெதர்' என்று பெயர்.

இதில் யூதர்களுக்கு இரண்டு சிக்கல். ஒன்று பெயர், அது வெளிப்படை. இன்னொன்று சனிக்கிழமை. வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும் வரை சபாத், ஓய்வுநாள். ஓய்வு என்றால் நம்ம ஊர் ஞாயிற்றுக்கிழமை மாதிரி சோபாவில் சாய்வது இல்லை. என்னென்ன செய்யக்கூடாது என்று மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பில் 39 வேலைகளின் பட்டியலே இருக்கிறது. அதில் கட்டுவது உண்டு, இடிப்பது உண்டு, எழுதுவது உண்டு. 'சுத்தியலால் அடிப்பது' என்றே தனியாக ஒன்று உண்டு. ஒரு பொருளை முடித்து வைக்கிற கடைசித் தட்டு என்று அதற்கு விளக்கம். இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். பாலைவனத்தில் இஸ்ரவேலர்கள் இறைவனுக்காக எழுப்பிய கூடாரத்துக்கு என்னென்ன வேலைகள் தேவைப்பட்டனவோ, அவையே ஓய்வுநாளில் விலக்கு என்று ரபிகள் கணக்குப் போட்டார்கள். அதாவது ஒரு கட்டுமானத் தளத்தின் வேலைப் பட்டியல்தான் ஓய்வுநாளின் தடைப் பட்டியல். வீடு பழுதுபார்க்கும் நாளை சனிக்கிழமையில் வைத்தால் கிட்டத்தட்ட மொத்தப் பட்டியலையும் ஒரே நாளில் மீறலாம்.

எல்லா யூதர்களும் இதைக் கறாராகக் கடைப்பிடிப்பதில்லை. சீர்திருத்தப் பிரிவினரில் பலர் சனிக்கிழமை கார் ஓட்டுவார்கள். ஆனாலும் ஓர் ஆலயத்தின் பேரில் கூட்டமாகப் போகும்போது, கடைப்பிடிப்பவரையும் சேர்த்துக்கொள்கிற நாளாகத்தான் இருக்க வேண்டும். வாஷிங்டன் வட்டாரத்தில் யாகத் என்று ஒரு யூத வீட்டுவசதி அமைப்பு. அந்த எபிரேயச் சொல்லுக்கு 'ஒன்றாக' என்று பொருள். அவர்கள் வழி எளிமையானது: அதே வேலை, ஞாயிற்றுக்கிழமையில். சனிக்கிழமைக்காரர்களோடு போட்டி இல்லை, கூட்டு வேலைதான். பெயர் மட்டும் 'சுக்கோத் இன் ஏப்ரல்'. பஸ்கா பண்டிகை சில வருஷம் ஏப்ரல் கடைசி வரை இழுக்கும் என்பதால் நாள் குறிக்கும் முன் அந்தக் காலண்டரையும் ஒருதரம் பார்த்துக்கொள்ள வேண்டும். (நம்ம வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் கல்யாண மண்டபம் புக் பண்ணின கதை ஒன்று உண்டு. அது வேண்டாம் இப்போது.)

சுக்கோத் என்பது கூடாரப் பண்டிகை. வழக்கமாக செப்டம்பர், அக்டோபரில் வரும். ஏழு நாள் வீட்டுக்கு வெளியே தற்காலிகக் குடிசை போட்டு அதில் சாப்பிடுவார்கள், சிலர் தூங்கவும் செய்வார்கள். இந்தக் குடிசைக்குக் கூரை எப்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மண்ணில் விளைந்த, வெட்டியெடுத்த இலைதழையால்தான் வேய வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் ராத்திரியில் இடைவெளி வழியாக நட்சத்திரம் தெரிவது நல்லது. மழை வந்தால் ஒழுகும். ஒழுகினால் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம், தப்பில்லை.

ஒழுகுகிற கூரையைக் கொண்டாடுகிற பண்டிகையின் பேரை, ஒழுகுகிற கூரையை அடைக்கப் போகிற நாளுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மழை வந்தா உள்ளே ஓடறதுக்கு எனக்கு வேற வீடு இருக்கு. அந்தம்மாவுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த கேள்வி. சொந்த வீடு இருக்கிறதே, ஏன் உதவி?

அமெரிக்காவில் நிறைய முதியவர்கள் வீட்டில் பணக்காரர்கள், கையில் ஏழைகள். முப்பது வருஷம் கட்டிய வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. இப்போது வருமானம் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் மட்டும். அதிலிருந்து சொத்து வரி, காப்பீடு, மருந்து, குளிர்கால ஹீட்டிங். கூரை மாற்ற ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். ஆகவே தள்ளிப்போடுவார்கள். ஒழுகல் சுவருக்குள் இறங்கும், மரம் உளுக்கும், பூஞ்சை பிடிக்கும். கூரையின் நிலையைப் பார்த்துவிட்டுக் காப்பீட்டு நிறுவனம் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டாலும் விடும். சின்னப் பழுதாக இருக்கும்போது ஆகாத பணம், பெரிய பழுதான பிறகு எங்கிருந்து வரும்?

அரசு உதவி இல்லையா என்றால், இருக்கிறது, சல்லடை மாதிரி. கிராமப்புறத்தில் 62 வயதைத் தாண்டிய, மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு வேளாண் துறை வழியாகப் பழுதுபார்ப்பு மானியம் உண்டு. நகரத்தில் இருந்தால் அது கிடையாது. மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும். இடுப்பெலும்பு முறியாமல் இருக்கக் குளியலறையில் ஒரு கம்பி மாட்ட அசல் மெடிகேர் கொடுக்காது. இதை முதலில் படித்தபோது தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இரண்டுதரம் சரிபார்த்தேன்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நால்வரில் ஒருவருக்கும் அதிகமானவர்கள் வருஷத்துக்கு ஒருதரமாவது கீழே விழுகிறார்கள் என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம். விழுந்து எழ முடியாமல் போனால் அடுத்த இடம் முதியோர் பராமரிப்பு இல்லம். தனி அறைக்கு வருஷச் செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். நீண்டகாலப் பராமரிப்புக்கும் மெடிகேர் இல்லை. சேமிப்பெல்லாம் கரைந்து ஏழையான பிறகு மெடிகெய்ட் என்ற இன்னொரு திட்டம் வரும். ஆக, அந்தப் பாட்டிக்குக் கம்பி என்பது வசதிச் சாமான் இல்லை. சொந்த வீட்டில் இருப்பாரா, இல்லத்துக்குப் போவாரா என்பது அதில் தொங்குகிறது.

இன்னொரு முட்டுக்கட்டை நம் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது: பத்திரம். வீடு செத்துப்போன கணவர் பேரில் இருக்கும், அல்லது அம்மா பேரில். பிள்ளைகள் நாலு மாநிலத்தில். பெயர் மாற்றாமலே முப்பது வருஷம் ஓடியிருக்கும். உரிமையாளர் என்று காகிதத்தில் நிரூபிக்க முடியாவிட்டால் பல திட்டங்களில் விண்ணப்பமே செல்லாது. கறுப்பினக் குடும்பங்களில் இது பரவலான சிக்கல். விருதுநகரில் எங்கள் தாத்தா வீட்டுப் பட்டா கதைதான், பாஷை வேறு.

சரி, யூதர்கள் தரப்பில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? இங்கே நான் எதிர்பார்த்தது 'தர்மம்' என்ற மாதிரி ஏதோ ஒன்று. கிடைத்தது கட்டட விதி.

உபாகமத்தில் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை: புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்தால் அந்த ரத்தப்பழி வீட்டின் மேல் வரும். பிற்காலச் சட்ட நூல்கள் அந்தச் சுவர் பத்து கைப்பிடி உயரமாவது இருக்க வேண்டும் என்று அளவும் சொல்கின்றன. தோராயமாக முக்கால் மீட்டருக்கு மேல். அதோடு நிற்காமல், ஆள் விழுந்து சாகக்கூடிய எதற்கும், மூடாத கிணற்றுக்கும்கூட, இதே கடமையை நீட்டுகிறார்கள். விழுவது விதி, கர்மா என்று விட்டுவிடாமல், விழாமல் தடுக்கும் பொறுப்பை வீட்டுக்காரன் தலையில் வைக்கிற சட்டம். பாட்டியின் குளியலறைக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

யூதரல்லாத பாட்டிக்கு ஏன் செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அன்று நாங்கள் போன மூன்று வீடுகளில் யூத வீடு ஒன்றுதான். இதற்கும் பழைய பதில் இருக்கிறது. ஊரில் யூத ஏழைகளைத் தாங்கும்போது மற்ற ஏழைகளையும் சேர்த்தே தாங்க வேண்டும், அது சமாதானத்தின் வழி என்கிறது தல்மூத். இன்னோரிடத்தில், சுக்கோத் பண்டிகையைப் பற்றிய அதே நூற்பகுதியில், பணமாகக் கொடுக்கும் தர்மத்தையும் அன்பான செயலையும் ஒப்பிட்டு இரண்டாவதே பெரிது என்கிறது. காரணங்களில் ஒன்று, தர்மம் காசால் மட்டும் முடியும், இன்னொன்றுக்கு உடம்பும் உழைக்க வேண்டும். இன்னொரு காரணம், தர்மம் ஏழைக்கு மட்டும், இது ஏழை பணக்காரன் இருவருக்கும் செய்யலாம்.

'திக்குன் ஓலாம்' என்ற சொற்றொடரை எல்லா யூத அறப்பணிக் கையேட்டிலும் பார்க்கலாம். 'உலகைப் பழுதுபார்த்தல்'. பழைய மிஷ்னாவில் இது விவாகரத்துப் பத்திரம் மாதிரியான விஷயங்களில் ஓட்டை விழாமல் சட்டத்தைச் சரிக்கட்டுவதற்கான சொல். 16-ஆம் நூற்றாண்டு மறைஞானிகள் கையில் அது பிரபஞ்சம் அளவுக்கு விரிந்தது. சமூகசேவை என்ற இன்றைய பொருள் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவியது. என் நண்பருக்கு இந்தச் சொல் கொஞ்சம் அலுத்துவிட்டது. "உலகத்தை ரிப்பேர் பண்றேன்னு சொல்றவன் ஒரு குழாய் லீக்கை நிறுத்தட்டும் முதல்ல" என்பது அவர் கட்சி.

எனக்குப் பிடித்த சட்டம் வேறு. அதுவும் உபாகமம்தான், 24-ஆம் அதிகாரம். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்க ஏழையின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடனாளியே பொருளை வெளியே கொண்டுவந்து தருவான். பணம் கொடுத்தவனுக்குக்கூட வாசற்படியைத் தாண்ட உரிமை இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், வீடு பழுதுபார்ப்பில் நுழையாமல் முடியாது. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக அடுக்கியிருக்கிறார். யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் வாழ வழி செய்து கொடுப்பது உச்சம். அதற்கு அடுத்த படி, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருப்பது. கம்பி மாட்டுகிறவன் இந்த இரண்டாம் படியில் நிற்கவே முடியாது. பாட்டியின் படுக்கை, மருந்து டப்பா, அடுக்காத துணி எல்லாம் அவன் கண்ணில் படும். மேல்படிக்கு வேண்டுமானால் முயலலாம், தன் வீட்டில் தானே நடமாட வைப்பது அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கூச்சத்தை என்ன செய்வது?

அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு சாதாரணமானது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'ஹவுஸ் கேப்டன்'. அவர் மட்டும் பல வாரம் முன்னாலேயே இரண்டு மூன்று தடவை போய், என்ன செய்ய வேண்டும், எந்த அறைக்குள் போகக்கூடாது என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்வார். அன்றைக்கு வருகிற இருபது பேரும் அந்தப் பட்டியலைத் தாண்டி எதையும் தொடக்கூடாது. கேட்காமல் போட்டோ கூடாது. வாசலில் நின்று, அவர் 'வாங்க' என்ற பிறகு உள்ளே. அந்த யூதத் தம்பதி வீட்டில் கதவு நிலைக்குப் பெயின்ட் அடிக்கும் முன், நிலையில் பதித்திருந்த மெசூசாவை, உள்ளே கையால் எழுதிய வேத வரிகள் உள்ள சின்னக் கூட்டை, வீட்டுக்காரரே கழற்றி வைத்தார். பெயின்ட் காய்ந்ததும் அவரே மாட்டினார். வேறு யாரும் கை வைக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், மனசு இருந்தும் கை தெரியாதவர்கள் பற்றியது. இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் போர்டு. சட்டங்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று. கம்பியின் ஸ்க்ரூ அந்தச் சட்டத்தில் இறங்க வேண்டும். இல்லையென்றால் சுவரைத் திறந்து குறுக்குக் கட்டை வைத்துப் பிறகு மாட்ட வேண்டும். பொதுக் கட்டடங்களுக்கான தரத்தில் அப்படி ஒரு கம்பி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ பாரம் தாங்க வேண்டும். தட்டிப் பார்த்தால் சட்டம் இருக்குமிடத்தில் சத்தம் கெட்டியாகும். பத்து டாலருக்குக் கருவியும் இருக்கிறது. இந்த ஐந்து நிமிஷ வேலையை முந்தைய குழு செய்யவில்லை. பிடிமானம் இல்லாத கம்பி, கம்பியே இல்லாததைவிட மோசம். ஏனென்றால் மனிதர் அதை நம்பிக் கையை வீசுவார்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் அப்படித்தான். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு. வாசலில் மூன்றே மூன்று படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம் என்றால் 21 அடி சாய்தளம் வேண்டும். கேட்கிற எல்லோரும் "அவ்வளவா?" என்பார்கள். முன்வாசலில் அவ்வளவு இடம் இல்லையென்றால் நடுவில் சமதளம் வைத்துத் திருப்ப வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஆர்வத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டுச் சுரண்டச் சொன்னால் வீடு முழுக்க ஈயத் தூசி. அதனால்தான் மின்சாரம், கூரை, பெரிய குழாய் வேலை எல்லாம் உரிமம் உள்ளவர்களிடம் போகின்றன. ஆலயத்தின் பங்கு அதற்குப் பணம் திரட்டுவது. பதின்மூன்று வயசுப் பையன்களும் பெண்களும் தோட்டம், பெயின்ட், குப்பை.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலையில் சாரா சான்டன் என்ற செவிலியர் பேராசிரியர் உருவாக்கிய 'கேபபிள்' என்ற திட்டம் இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டியது. ஒரு செவிலியர், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஒரு சிகிச்சையாளர், ஒரு ரிப்பேர் ஆள். மூன்று பேரும் சுமார் நாலு மாதம் மாறி மாறி வீட்டுக்கு வருவார்கள். ஆளுக்குச் சுமார் 3,000 டாலர் செலவு. முதியவர்களின் அன்றாடச் சிரமங்கள் கணிசமாகக் குறைந்தன. இதில் எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்வது அந்த முதியவர். நிபுணர் 'குளியலறை' என்று நினைத்திருப்பார், அவர் 'மாடிப்படி இறங்கிச் சர்ச்சுக்குப் போகணும்' என்பார். ஒரு நாள் திருவிழாவாக வந்து போகிறவர்கள் இதைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்படலாம். நண்பரின் ஆலயத்திலும் இந்த விவாதம் ஓடுகிறது. ஒரே நாளில் இருபது பேர் வேண்டாம், மாதம் ஒருதரம் வேலை தெரிந்த நாலு பேர் போதும் என்று ஒரு கட்சி. இருபது பேர் வரவில்லை என்றால் அந்த நாலு பேர் எங்கிருந்து கிடைப்பார்கள் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. ஆனால் நானே அந்த இருபதில் ஒருவனாகத்தான் உள்ளே வந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டி வீட்டுக்குத் திரும்புவோம். சுவரைத் திறந்து குறுக்குக் கட்டை வைத்தோம். புதுக் கம்பியை 34 அங்குல உயரத்தில் மாட்டப் பென்சிலால் குறித்தோம். தர அளவு 33 முதல் 36 வரை. கேப்டன் பாட்டியைக் கூப்பிட்டு, தொட்டிக்கு வெளியே நின்று கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். பாட்டி ரொம்பக் குள்ளம். வலது தோள் மேலே எழவில்லை. அவர் கை போய் நின்ற இடம் 30 அங்குலம், அதுவும் இடது பக்கச் சுவரில். பொதுக் கட்டட அளவு வீட்டுக்குக் கட்டாயம் இல்லை. குறியை அழித்துவிட்டு அந்தப் பக்கமே மாட்டினோம். நானும் கேப்டனும் மாறி மாறித் தொங்கிப் பார்த்தோம். அசையவில்லை.

பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ டவலை எங்கே போடறது?"

பட்டியலில் அது இல்லை. கேப்டன் பட்டியலில் ஒரு வரி சேர்த்து எழுதினார். நான் கடைக்குப் போய் நாலு டாலருக்கு ஒரு கொக்கி வாங்கி வந்தேன்.